பட்டாபி ஒன்

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு இன்குபேட்டரின் கதவைத் திறந்த ஆரோக்கியமணி, திறந்த வேகத்திலேயே மூடிவிட்டாள். பிறகு, பார்த்தது சரிதானா என்று மறுபடி திறந்தாள்.

சரிதான். நேற்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது செல் வளரும் ஃபிளாஸ்கில் ரோஸ் நிறத்தில் தெளிவாக இருந்த திரவம், இப்போது மஞ்சளாகி, கஞ்சித்தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. பாக்டீரியா புகுந்துவிட்டது. ஃபிளாஸ்கை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். ஒரு செல்கூட உயிரோடு இல்லை.

"மாதாவே," என்றாள் மெதுவாக.

மராட்டி பேசுகிற பாணேரில் இருந்த அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருடம். டெக்னிகல் அசிஸ்டென்ட். எத்தனையோ செல்கள் அவள் கையில் வளர்ந்திருக்கின்றன, செத்திருக்கின்றன. அதற்கெல்லாம் அவள் மாதாவைக் கூப்பிட்டதில்லை. ஆனால் இந்த ஃபிளாஸ்கின் கதை வேறு.

சுண்டெலியின் மூச்சுக்குழாய் உள்பக்கத்தில் மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம் இருக்கும். அந்தச் செல்களைச் சுரண்டி எடுத்துத் தட்டில் வளர்த்தால் நாலைந்து தடவை பெருகும். அப்புறம் அலுத்துப்போய் நின்றுவிடும். நிற்காமல் பெருகிக்கொண்டே போகிற ஒரு வம்சம் கிடைத்துவிட்டால், ஆஸ்துமா மருந்து ஒவ்வொன்றுக்கும் புதுசாக எலிகளைக் கொல்ல வேண்டாம். ஃபிளாஸ்கிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். டாக்டர் பட்டாபிராமனும் ஆரோக்கியமணியும் இருபத்திரண்டு தடவை முயன்று இருபத்திரண்டு தடவையும் தோற்றார்கள். இருபத்து மூன்றாவது தடவை எடுத்த செல்கள் மட்டும், யார் செய்த புண்ணியமோ, நிற்கவே இல்லை. டைரக்டர் அதற்கு 'பட்டாபி ஒன்' என்று பெயர் வைக்கலாம் என்றார். பட்டாபிராமன் கூச்சத்தோடு இரண்டு தடவை மறுத்தார். மூன்றாவது தடவை யாரும் கேட்பதற்குள் ஒத்துக்கொண்டார்.

இந்த அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி அவர் ஓய்வு பெறுகிறார். அதற்கு முன்னால், வருகிற திங்கட்கிழமை, தளேகாவிலுள்ள ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து கோவிந்தராஜ் என்பவர் வந்து பட்டாபி ஒன்னை முறைப்படி வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. முப்பத்தைந்து வருட வேலையில் தன் பெயர் சொல்லும்படி பட்டாபிராமன் விட்டுப்போகிற ஒரே பொருள், இந்த மஞ்சள் கஞ்சி.

ஆரோக்கியமணி அதில் பிளீச்சை ஊற்றி, சிங்கில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டாள்.

காவ்யா உள்ளே வந்தாள். பிஎச்.டி. மாணவி. மகர்பட்டாவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ்தான் என்றாலும் அவள் வாயில் அது பாதி வழியில் நின்று இளைப்பாறித்தான் வரும். அவளுடைய தீசிஸில் மூன்றாம் அத்தியாயம் முழுக்கப் பட்டாபி ஒன்னைப் பற்றியது.

"மணி அக்கா, குட் மார்னிங். பட்டாபி ஓகேவா?"

"அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு," என்றாள் ஆரோக்கியமணி. அதுதான் முதல் பொய்.

பத்து நிமிடத்தில் பட்டாபிராமன் வந்தார். காலையில் காப்பி குடித்ததும் நேரே இன்குபேட்டருக்கு வந்து நிற்பது அவர் வழக்கம்.

"என்ன மணி, கொழந்தை எப்படி இருக்கான்?"

"இப்பத்தான் சார் மீடியம் மாத்தினேன். இன்னைக்கு ஆட்ட வேண்டாம்."

"சரி சரி, தூங்கட்டும். நாளைக்குப் பார்த்துக்கறேன்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, ஷூ சத்தம் கேட்காமல் வெளியே போனார்.

ஆரோக்கியமணி அவ்வளவு விவரமில்லாதவள் இல்லை. ஜூன் மாதமே பட்டாபி ஒன்னில் மூன்று குப்பிகளை உறைய வைத்துத் திரவ நைட்ரஜன் டாங்கில் போட்டிருந்தாள். இந்த மாதிரி நாளுக்காகத்தான். ஒன்றை எடுத்து உருக்கினால் இரண்டு நாளில் பழைய ஃபிளாஸ்க் கைக்கு வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

முதல் குப்பியை வெந்நீர்த் தொட்டியில் போட்டாள். அவசரத்தில் மூடி தளர்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. தொட்டித் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அந்தத் தண்ணீரில் இல்லாத கிருமி கிடையாது.

இரண்டாவது குப்பியில் மூடியை இரண்டு தடவை திருகிப் பார்த்தாள். உருக்கினாள். சுழற்றினாள். செல்கள் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே இருப்பதை எடுத்துக் கொட்ட வேண்டும். பத்தொன்பது வருடமாகத் தினமும் செய்கிற வேலை. அன்றைக்கு அவள் கை அடியில் இருந்ததை உறிஞ்சிக் கொட்டிவிட்டு, மேலே இருந்ததைப் பத்திரமாக வைத்துக்கொண்டது.

மூன்றாவது குப்பியில் பேர் இல்லை. யாரோ ஸ்பிரிட் கையோடு தொட்டதில் மை அழிந்துபோய், கடைசியில் '1' என்ற எண் மட்டும் மிச்சமிருந்தது. அதே டப்பாவில் பழைய மாணவர்களின் குப்பிகளும் இருந்தன. '1' என்று முடிகிற பெயர் அதில் ஆறேழு உண்டு.

'அதே டப்பா, அதே வரிசை,' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். 'வேற யாரோடதா இருந்திரப் போகுது?'

உருக்கி, புது ஃபிளாஸ்கில் ஊற்றி, 'பட்டாபி ஒன்' என்று எழுதி, இன்குபேட்டரின் பின்பக்கமாக வைத்தாள்.

வியாழக்கிழமை பட்டாபிராமன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். கையில் நொறுக்குத் தீனி, பாகர்வடிப் பொட்டலம்.

"இந்தா, நீயும் காவ்யாவும் சாப்பிடுங்கோ. எங்கே, கொழந்தையைக் காட்டு."

"சார், இன்னைக்கும்..."

"நேத்திக்கே பார்க்கலை மணி. எனக்கு ராத்திரி தூக்கம் வரலை."

புது ஃபிளாஸ்கில் செல்கள் இன்னும் ஒட்டக்கூட இல்லை. உருண்டை உருண்டையாக மிதந்துகொண்டிருந்தன. அதைக் காட்ட முடியாது. கீழ்த்தட்டில் வேறு வேலைக்காக வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் இருந்தன. அதுவும் எலிதான், ஆனால் தோலுக்கு அடியிலிருந்து எடுத்தது. மனுஷர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நம்பி, அந்த ஃபிளாஸ்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

அவர் மேலோட்டமாகப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தார். பட்டாபி ஒன் செல்கள் தளத்தில் பாவிய கல் மாதிரி நெருக்கி நெருக்கி உட்கார்ந்திருக்கும். இவை நீளமாக, இரண்டு முனையும் கூராக, ஓடுகிற மீன் கூட்டம் மாதிரி இருந்தன.

"மணி. இது என்ன, நீள நீளமா?"

ஆரோக்கியமணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று தீர்மானித்தாள்.

"மாறிருச்சு சார்," என்றாள்.

பட்டாபிராமன் தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயதில் போட்டோ எடுக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு வெளிச்சம்.

"மாறிடுத்தா? தானாவே உருமாறிடுத்தா?"

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"உனக்குத் தெரியுமோ மணி, உலகம் பூரா இதைத்தான் தேடிண்டிருக்கா. மூச்சுக்குழாய்ச் செல் எப்படி இன்னொண்ணா உருமாறறதுன்னு. நம்ம கொழந்தை அதைத் தானாப் பண்ணிக் காட்டியிருக்கான்." ஐம்பத்தொன்பது வயது பதினொரு மாதம் ஆன அந்த மனிதர், பாகர்வடியை அங்கேயே விட்டுவிட்டுக் காரிடாரில் கிட்டத்தட்ட ஓடினார்.

அரை மணி நேரத்தில் கோவிந்தராஜுக்கு ஈமெயில் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில், திங்கட்கிழமை பட்டாபிராமன் இதைப் பற்றி உரை நிகழ்த்துவார் என்று நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியாகிவிட்டது. காவ்யா அதைப் படித்துவிட்டு வந்து ஆரோக்கியமணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நெஜமாவா மாறிச்சு? எப்படி மாறும்?"

"எனக்கென்னம்மா தெரியும். நீதானே படிக்கிற புள்ள," என்றாள் ஆரோக்கியமணி. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டுமே என்று காவ்யா பயப்படுகிறாள் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு நல்ல காரியம் நடந்தது. பெயரில்லாத குப்பியிலிருந்து வந்த செல்கள் ஒட்டிப் பரவியிருந்தன. தளத்தில் பாவிய கல் மாதிரியே. அதே அளவு, அதே நெருக்கம். நாலு மாதத்துக்கு முன் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. ஆரோக்கியமணி சிலுவை போட்டுக்கொண்டாள். தான் எடுத்தது சரியான குப்பிதான். இதைக் காட்டிவிட்டால், நேற்றுப் பார்த்தது ஏதோ கண் மயக்கம் என்று சார் விட்டுவிடுவார், உரையும் ரத்தாகிவிடும்.

பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார்.

"திரும்பி வந்துடுத்து," என்றார்.

"ஆமா சார். நேத்து ஒருவேளை..."

"போன வழியே திரும்பி வந்துடுத்து மணி. இப்படி முப்பது வருஷமா எந்த லேப்லயும் நான் பார்த்தது கிடையாது."

மதியத்துக்குள் உரை செமினார் அறையிலிருந்து பெரிய ஹாலுக்கு மாறியது. டைரக்டர் தலைமை தாங்குவதாக ஒப்புக்கொண்டார். கோவிந்தராஜ் தன் மும்பை மேலதிகாரியையும் கூட்டிக்கொண்டு வருவதாகப் பதில் போட்டார். அதோடு ஆரோக்கியமணிக்கு ஒரு போனும் செய்தார். அவர் தாம்பரத்துக்காரர், தமிழ் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"மேடம், ஒரு சின்ன பார்மாலிட்டிதாங்க. இது எலி செல்தான்னு ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் வேணும். ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க."

"அதுக்கென்ன சார், நாளைக்கே போட்டுர்றேன்."

நிஜமாகவே அவளுக்குப் பயமில்லை. சனிக்கிழமை அரை நாள். லேபில் அவள் மட்டும்தான். செல்லிலிருந்து டிஎன்ஏவை எடுத்து ஓட்டினால் ஜெல்லில் ஒரு கோடு விழும். மேலே விழுந்தால் எலி. கீழே விழுந்தால் மனுஷன்.

கோடு கீழே விழுந்தது.

ஆரோக்கியமணி இன்னொரு தடவை ஓட்டினாள். அப்போதும் கீழேதான் விழுந்தது, முன்னைவிடப் பளிச்சென்று.

சாயங்காலம் கட்கியில், குவார்ட்டர்ஸ் வீட்டில், அவள் கணவர் கிறிஸ்டோபர் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆர்டனன்ஸ் பாக்டரியில் சூப்பர்வைசர். அவள் அப்பாவும் அவர் அப்பாவும் அங்கேயே ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம்.

"ஏன்டி, மூணு நாளா மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"தப்பான வயல எடுத்துட்டேங்க," என்றாள் அவள்.

கிறிஸ்டோபர் டீயைக் கீழே வைத்தார். "வயலா? எங்க? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பத்திரம் முடிஞ்சிட்டா?"

"அய்யோ, அந்த வயல் இல்ல. மருந்துக் குப்பி. லேப்ல வயல்னுதான் சொல்லுவோம்."

முழுக் கதையையும் சொன்னாள். அவர் டீயை ஆறவிட்டுக் கேட்டார். 'போன வழியே திரும்பி வந்துடுத்து' என்ற இடத்தில் மட்டும் வேறு பக்கம் திரும்பி இருமினார்.

"ஆக, எலின்னு சொல்லி மனுஷனக் காட்டிருக்க."

"ஆமா."

"அத உங்க சார் பாத்து, எலி நல்லாருக்குன்னுட்டாரு."

"நீங்க வேற. இப்ப என்ன செய்யதுன்னு சொல்லுங்க."

"நேர போயி சாரு கிட்ட சொல்லிரு. இல்லன்னா அந்தத் தளேகாவ்காரங்கிட்டயாவது இப்ப வராதன்னு சொல்லு. மருந்து விசயம்."

இரண்டாவதுதான் சுலபமாகத் தெரிந்தது. அப்போதே போன் போட்டாள்.

"சார், திங்கட்கிழமை வேணாம். ஒரு ரெண்டு மாசம் தள்ளி வெச்சுக்கலாமா?"



"புரியுதுங்க மேடம்," என்றார் கோவிந்தராஜ். "ஹைதராபாத் கம்பெனிக்காரங்க வந்துட்டுப் போயிட்டாங்க, அதானே?"

"எந்த ஹைதராபாத்காரங்க?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. உங்க நெலம எனக்குத் தெரியுங்க. நாங்க பதினோரு மணிக்கு வர்றதா இருந்தோம். ஒம்பதுக்கே வந்துர்றோம். அக்ரிமென்ட்டோட."

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆரோக்கியமணி பட்டாபிராமனின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் கல்யாணத்துக்குத் தைத்த மாதிரி ஒரு கோட்டு போட்டிருந்தார். காவ்யா மூலையில் லேப்டாப்பில் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். முதல் படத்துக்கு மேலே 'பட்டாபி ஒன்: போன வழியும் வந்த வழியும்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"வா மணி. கொழந்தை ரெடியா?"

ஆரோக்கியமணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் கஞ்சி, வெந்நீர்த் தொட்டி, கை செய்த துரோகம், பேரில்லாத குப்பி, ஜெல்லில் விழுந்த கோடு. சொல்லச் சொல்லப் பட்டாபிராமன் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். கடைசிப் பொத்தானும் முடிந்தபோது அவள் கதையும் முடிந்தது.

"வியாழக்கிழமை நீளமா இருந்ததே, அது?"

"கீழ்த்தட்டு ஃபைப்ரோபிளாஸ்ட் சார்."

"வெள்ளிக்கிழமை திரும்பி வந்ததே?"

"அது மனுஷன் சார்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வாசலில் கோவிந்தராஜின் கார் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து டை கட்டிய ஒருவர் இறங்கினார்.

"ஆக," என்றார் பட்டாபிராமன், "ஒரே நாள்ல ஒரு எலியை மனுஷனா ஆக்கிட்டேன். அதுக்கு டைரக்டர் தலைமை வேற."

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். ஆரோக்கியமணிக்கு அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் பிடிபடவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் போய் அவாகிட்டச் சொல்லிட்டு வரேன். நீ வர வேண்டாம். என் பேர்தானே, நானே சொல்றேன்."

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். ஹைதராபாத்காரர்கள் யாரும் இல்லை என்று தெரிந்ததே கோவிந்தராஜுக்குப் போதுமாயிருந்ததாம். செல்கள் செத்துவிட்டன என்றதற்கு, 'வேற கம்பெனிக்கு போகல இல்லீங்களா' என்று நிம்மதியாகக் கேட்டாராம். டைரக்டர் மட்டும் நோட்டீஸ் போர்டுத் தாளைத் தானே போய்க் கிழித்தாராம்.

"உட்கார் மணி," என்றார் பட்டாபிராமன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் நீ. நான்தான் உன்னைச் சொல்ல விடலை, அது வேற விஷயம். எனக்கு ரிடையரானப்புறம் ஒரு வருஷம் இங்கேயே வந்து போகலாம்னு டைரக்டர் சொல்லியிருக்கார். இருபத்து நாலாவது தடவை பண்ணுவோம். ஒரு தடவை வந்தவன் இன்னொரு தடவை வரமாட்டானா?"

ஆரோக்கியமணி தலையை ஆட்டினாள்.

"தவிர, என்ன குடிமுழுகிப் போயிடுத்து? போன புதன்கிழமை வரைக்கும் இருந்தது நம்ம பட்டாபிதானே. இந்த ஆறேழு மாசமா நாம எடுத்த படம், காவ்யாவோட சாப்டர், நாளைக்கு நான் அனுப்ப இருக்கற பேப்பர், எல்லாம் அவனோடது. அதை யாரும் அழிக்க முடியாது. தப்பு கடைசி வயல்ல மட்டும்தான்."

மூலையில் விசும்பும் சத்தம் கேட்டது. காவ்யா லேப்டாப்பை மூடிவிட்டு, முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியமணி எழுந்து போய் அவள் தலையைத் தடவினாள்.

"அழாதம்மா. உன் மேல என்ன தப்பு? தப்பான வயல எடுத்தது நான்."

காவ்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். முதலில் சாரைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"நீங்க எடுத்த வயல் கரெக்ட்தான் அக்கா. மார்ச்ல நீங்க லீவ்ல போனப்பவே பட்டாபி என் கையில செத்துப்போச்சு, அப்புறம் இருந்தது எல்லாம் எதிர் லேப்ல இருந்து நான் எடுத்து வெச்ச மனுஷ செல்."